படர்க்கை

வால்விஸ் பே துறைமுகத்தில்
மூன்று நாளாக மூடுபனி.
மீன் ஆலைக்கு ஷிஃப்ட் போடும் மென்பொருள்
ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவர
விண்ட்ஹூக்கிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள்.

படிவத்தில் ஒரே தலைப்பு: பயனர்.
அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லோரிடமும் போன்.
படகு பிந்தினால் ஷிஃப்ட் பிந்தும்,
செய்தி போய்விடும், டிங்.
பிழைகள்: பூஜ்யம்.

விடிகாலை ஐந்தரைக்கு ஆலை வாசலில்
எண்ணெய்ச் சட்டியோடு ஒருத்தி.
நாற்பது வெட்கூக் பொரித்து
துணி போட்டு மூடியிருந்தாள்.
வாங்க ஒரு ஈ காக்கை இல்லை.
ஷிஃப்ட் பதினொன்றுக்குப் போய்விட்டது
அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் தெரியும்.

பெயர் கேட்டேன்.
பெனெயாம்பெகோ. எதுக்கு?
எழுதிக்கொள்ள, என்றேன்.
அப்ப இதையும் எழுது என்று விரல் மடக்கினாள்.
துயாகுலா, வெட்டுமேடைக்காரியின் பிள்ளையை
எப்போது திருப்பித் தருவோம் என்று தெரியாமல்
வைத்துக்கொண்டிருப்பவள்.
அந்தப் பிள்ளை.
கொராசெப், நாலு பேர் சேராமல்
டாக்ஸி எடுக்காதவன்.
எனக்கு மாவு கடன் தருகிற அங்கோலாக்காரன்,
அவன் பெயர் வாயில் நுழையாது, விடு.
இடக்கை முடிந்து வலக்கைக்குப் போனாள்.

ஓரத்தில் ஒரு கட்டம் வரைந்தேன். தலைப்பு வேண்டுமே.
பயனர் அல்லாதோர். அடித்தேன்.
மறைமுகமாகப் பாதிக்கப்படுவோர்.
கட்டத்துக்குள் அடங்கவில்லை, கடன்பத்திரம் மாதிரி வேறு இருந்தது.
தன்மை, நாங்கள்: செய்தவர்கள்.
முன்னிலை, போன் வைத்திருப்பவர்கள்:
திரை அவர்களை 'நீங்கள்' என்கிறது.
மிச்சம் படர்க்கை.

அவள் கையில் திணித்த வெட்கூக்கை
படிவத்தின் மேல் வைத்துவிட்டு
இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.
எடுத்துப் பார்த்தால்
பின்னால் நான்கு பக்கம் வரை எண்ணெய்.

நாளைக்கு எத்தனை மணிக்கு? என்றாள்.
வெளியாருக்குச் சொல்லக் கூடாது, விதி.
ஏழரை என்றேன்.
இன்னும் ஆறு வாங்கினேன். இரண்டுதான் தின்ன முடிந்தது.

அன்றிரவு இரண்டேகாலுக்கு
பனியில் எங்கோ ஒரு படகு பிந்தியது.
அறுநூற்றுப் பன்னிரண்டு டிங்.
விடுதி அறையில் எனக்கும் ஒன்று.

விளக்கைப் போட்டுப் படிவத்தை எடுத்தேன்.
அவள் பெயர் இருந்தது,
எழுத்துக் கூட்டிக் கேட்டு
பிழையில்லாமல் எழுதியிருந்தேன்.
போன் எண் கேட்கத் தோன்றவில்லை.