தீப்பெட்டியில் வந்தது

செவ்வாய்தோறும் என் மேசைக்குத் தீப்பெட்டிகள் வரும்.
கோச்சபம்பாவிலிருந்து மூன்று மணி நேர மண்பாதை,
பள்ளிக்கூடத்தின் பின்னறை,
ஒரு நோட்டு, ஓர் இடுக்கி, கிழிந்த கையுறை.

யார் வீடு, எந்த அறை, எந்தச் சுவர்
என்று பெட்டியின்மேல் எழுதச் சொல்லியிருக்கிறோம்.
எழுதத் தெரியாத டியோனீசியா
தன் சுவரின் விரிசலை ஆறுபோல வரைந்திருந்தாள்,
பூச்சி நின்ற இடத்தில் ஒரு சிலுவை.

வின்சூக்கா.
வெறுங்கையால் தொடாதீர்கள், நசுக்காதீர்கள்,
பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிப் பிடியுங்கள்.
சொல்லிச் சொல்லி என் நாத் தழும்பேறிவிட்டது.

பகலெல்லாம் விரிசலுக்குள் தூங்கும்.
விளக்கணைந்ததும் இறங்கி வரும்,
உதட்டோரம், இமையோரம், தோல் மெலிந்த இடம் பார்த்து.
வலிக்காது.
குடித்து முடித்ததும் அங்கேயே கழிந்துவிட்டுப் போகும்.
அரிக்கும். தூக்கத்தில் சொறிவோம்.
நோய்க்குக் கதவு திறப்பது
நம் நகம்தான்.

அப்புறம் இருபது வருஷம் ஒன்றுமே இல்லை.
உருளைக்கிழங்கு நடுவோம், கால்பந்து ஆடுவோம்,
கல்யாணத்தில் விடிய விடிய குதிப்போம்.
ஒரு நாள் மேட்டில் ஏறும்போது மூச்சு அடைக்கும்.

ஃபோர்த்துனாத்தோவின் எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்து
இதயம் பெருத்திருக்கிறது என்றார் டாக்டர்.
அவன் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"இவனுக்கா பெரிய மனசு?
கைமாற்றாக ஒரு முட்டை தரமாட்டானே!"
அவனும் சேர்ந்துதான் சிரித்தான்.
மழை ஓயுமுன் புதைத்தோம்.

இன்று கடைசியாக வந்தவர் எவாரிஸ்தோ சோக்கேவில்கா.
மருந்து தெளிக்க வந்தவர்களைப் போன வருஷம்
வாசலோடு திருப்பியனுப்பியவர்.
அடுப்படியில் வளரும் கினிப்பன்றிகள் செத்துப்போகுமாம்.
நாங்களும் வாதாடவில்லை.
இருட்டிக்கொண்டு வந்தது, வண்டியில் டீசல் குறைவு.
"வீட்டார் மறுப்பு" என்று மட்டும் நோட்டில் எழுதினேன்.
டீசலை எழுதவில்லை.

பெட்டிக்குள் உரசும் சத்தம்.
கால் அங்குலம் திறந்தேன்.
கருத்த முதுகு, ஓரத்தில் வைக்கோல் நிறக் கோடுகள்,
திராட்சையாய் உப்பிய வயிறு.

"எந்த அறை?"
"மருமகள் படுக்கிற அறை."

அவள் வாசலில் நின்றிருந்தாள், செனோபியா,
இடுப்பை ஒரு கையால் தாங்கிக்கொண்டு. ஏழு மாதம்.

விரல்நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு.
பட்டையில் கோடு தெரியப் பதினைந்து நிமிஷம்.
அத்தனை நேரம் என்ன பேசுவது?

இரண்டு கோடு வந்தால் பெரிய ஆஸ்பத்திரியில்
மறுபடி பார்ப்பார்கள் என்றேன்.
மாத்திரை இப்போது இல்லை, பிரசவம் ஆகட்டும்.
பிள்ளை பிறந்ததும் அதன் இரத்தத்தையும் பாருங்கள்.
பிஞ்சு உடம்பில் இந்த நோய் மருந்துக்குக் கேட்கும்,
முற்றிவிட்டால் அதற்குக் காது மந்தம்.

"இது குடித்தது என் இரத்தமா, நாயுடையதா?"
பார்த்துச் சொல்ல முடியாது என்றேன்.
"அப்படியானால் மூடுங்கள்."

மூடினேன். உரசல் நிற்கவில்லை.

எவாரிஸ்தோ தொப்பியைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.
சுவர் பூச எத்தனை மூட்டை ஆகும் என்றார்.
பிறகு, நாலாவது நிமிஷமோ ஐந்தாவதோ,
கினிப்பன்றிகளை இந்தக் குளிரில் எங்கே வைப்பது என்றார்.

நோட்டின் பின்பக்கத்தில் ஒரு கூண்டு வரைந்தேன்,
வீட்டிலிருந்து தள்ளி, கல் அடித்தளத்தில்.
செனோபியா பட்டையின் பக்கம் திரும்பவே இல்லை.
படத்தின்மேல் குனிந்து,
கதவு எந்தத் திசையில் என்று கேட்டாள்.