ஏழாம் பத்தி

சோளகம் எழும்ப முந்திப் போய்வரலாமென்று
குறிகாட்டுவானில் இருட்டோடு வெளிக்கிட்டோம்.
எமிலியான் அண்ணையின் படகு,
மூன்று போத்தல் தண்ணீர், ஒரு தொலைநோக்கி,
திணைக்களம் தந்த படிவம்.

அந்தத் திட்டிக்கு மூன்று பெயர்.
இந்தக் கரையின் வரைபடத்தில் ஒன்று,
அந்தக் கரையின் வரைபடத்தில் வேறொன்று.
அண்ணைக்கு அது ‘கூப்பன்’:
அவருடைய தகப்பன் படகு தட்டி
கூப்பன் மட்டையைக் கடலுக்குக் கொடுத்த இடம்.

முருகைக்கல், மணல், அடம்பன் கொடி.
இராவணன் மீசை காலைக் கிழிக்கிறது.
கூடு என்று ஒன்றுமில்லை,
கல்லோடு கல்லாக ஆலாக்களின் முட்டைகள்.
பாதம் வைக்க இடம் தேடித் தேடி
நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன்.
ஒரு ஆலா இறங்கி என் உச்சியில் கொத்தியது.
உரிமைகோரல் இவ்வளவு தெளிவாக
எந்தக் கோப்பிலும் நான் வாசித்ததில்லை.

ஏழாம் பத்தி கேட்டது:
வதியும் பறவையா, வந்துபோகும் பறவையா?
“எங்களைப்போலை எண்டு எழுதுங்கோ தங்கச்சி,”
தண்ணீர் இறைத்துக்கொண்டே சொன்னார் அண்ணை.

திரும்பும்போதுதான் கண்டேன்.
நுரை ஒதுங்கிய விளிம்பில்
சாம்பல் நிறத்தில், தேங்காய் அளவில் ஒரு கல்.
தூக்கினால் பாரமில்லை.
உடம்பெல்லாம் ஓட்டை.
கிணறு வெட்டினாலும் சுண்ணாம்பே வருகிற நாட்டில்
நெருப்பில் பிறந்த கல்.

அண்ணைக்கு ஒரு கதை சொன்னேன்,
பாதி பள்ளிக்கூடப் புத்தகம், பாதி என் புளுகு:
கிழக்கே எங்கேயோ கடலடி வெடித்து
ஒரு தீவு எழும்பினது.
சூடு ஆற முந்தியே இரண்டு அரசுகள்
ஆளுக்கொரு கொடி நட்டன.
எழுத்து வேலை முடியவில்லை,
மாரிக்கடல் தீவைத் தின்றுவிட்டது.

“அப்ப கொடியள்?”
“தாண்டு போச்சு.”
“கல்லுக்கு மூளை இருந்திருக்கு,” என்றார்.

கல்லைப் புரட்டினேன்.
ஏழு கொட்டலசு.
அவற்றின் இடுக்கில் நகத்தளவு நண்டு ஒன்று
இரண்டு கொடுக்கையும் தூக்கி
என்னைப் போகச் சொன்னது.

கடற்படைப் படகு வந்து பையைத் திறக்கச் சொன்னபோது
பையில் ஒன்றும் இல்லை.
கல்லைத் தண்ணீரில் விட்டிருந்தேன்.
இரண்டு படகுக்கும் நடுவால்
அது ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது,
அடையாள அட்டை இல்லாமல்.

பார்வையிட்ட தீவுகள்: இரண்டு
என்று எழுதிக் கொடுத்தேன்.
வைகாசியில் படிவம் திரும்பி வந்தது,
சிவப்பு மையில் ஒரு வட்டத்தோடு:
‘இரண்டாவதன் அமைவிடம் குறிப்பிடுக.’

ஜன்னலைத் திறந்து பார்த்தேன்.
பண்ணைக் கடலில்
சோளகம் விழுந்துவிட்டது.