ஜன்னலைச் சாத்து

மொழிபெயர்ப்பாளர் என்று
கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள் எனக்கு.
நாளுக்கு முந்நூறு ரூபாய், மதியம் லெமன் சாதம்.
நான் பி.ஏ. ஆங்கிலம், இரண்டு அரியர்.
இனேஸுக்கு என்னைவிட மோசமான ஆங்கிலம்.
போர்த்துகலில் ப்ராகா என்றொரு ஊர்.
நாகலூர்ப் பெண்பிள்ளைகளுக்கு
மூன்று மாதம் கால்பந்து சொல்லித்தர வந்திருந்தாள்,
முழங்காலில் தையல் தழும்போடு.

முதல் வாரம் அவள் நீளமாக ஏதோ சொன்னாள்.
நான் சுருக்கமாக வேறேதோ சொன்னேன்.
பதினான்கு பேரும் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு
அவரவர் இஷ்டத்துக்கு ஓடினார்கள்.
பந்து மிளகுக்கொடிக்குள் புகுந்தது,
காப்பித் தோட்டச் சரிவில் அரைக் கிலோமீட்டர் உருண்டது.
எஸ்டேட் வாட்ச்மேன் திட்டியதை மட்டும்
நான் மொழிபெயர்க்கவில்லை.

அவளாகப் பொறுக்கிக்கொண்ட முதல் சொல், விடு.
'ஒண்ணு விடு' என்றால் உதை.
'விடு' என்றால் விட்டுவிடு.
அந்த ஒண்ணை அவள் வழியில் தொலைத்துவிட்டாள்.
கோல் கம்பத்துக்கு நேரே தனியாக நின்ற பூவரசியிடம்
விடு! விடு! என்று அலறினாள்.
பூவரசி கீழ்ப்படிகிற பெண்.
பந்து அவளைக் கடந்து மெதுவாகப் போய்
ஓர் ஆட்டுக்குட்டியிடம் நின்றது.

மழைநாள் ஒன்றில்
பந்து வைக்கும் அறைப் பூட்டின் முன் நின்று
உள்ளங்கையைத் திருகிக் காட்டி
'ஷாவி' என்றாள்.
சாவியா?
சாவி, என்றாள், கண் விரிய.
அன்றைக்குப் பள்ளிக்கூடம் முழுக்க
விரல் நீட்டிக்கொண்டே அலைந்தோம்.
மேசைக்கு மேஸா. ஜன்னலுக்கு ஜனேலா.
அலமாரி வந்தபோது எனக்கு உடம்பு லேசாகச் சிலிர்த்தது.
என்றைக்கோ கப்பலில் வந்து இறங்கி,
எங்கள் வீட்டுக்குள் ஏறி,
ரேஷன் கார்டு வாங்காத குறையாக
எங்களோடேயே இருந்துவிட்ட சொற்கள்.
ஆனால் இதில் ஒன்றுகூடக்
கால்பந்துக்கு ஆகாதே என்றேன்.
அது அவளுக்குப் புரியவில்லை.

புரியாததும் நல்லதாயிற்று.
மறுநாள் சுண்ணாம்புக் கோட்டுக்குள்
இரண்டு தடுப்பாட்டக்காரிகளை நிறுத்தி
நடுவில் இருந்த இடைவெளியைக் காட்டி
'ஜன்னல்' என்றாள்.
அதற்குள் தள்ளுகிற பந்து, சாவி.
எல்லோரும் ஒரே கோட்டில் நின்றால், மேசை.
யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.
பனி இறங்கி ஆளுக்கு ஆள் தெரியாத மாலைகளிலும்
அந்த வெள்ளைக்குள்ளிருந்து கேட்கும்,
சாவி, சாவி,
பிறகு பந்து உதைபடும் சத்தம்.
அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.
முந்நூறு ரூபாயை வாங்கக் கூச்சமாக இருந்தது.
உண்மையைச் சொன்னால்
கொஞ்சம் வயிற்றெரிச்சலும்.

சேலத்தில் போட்டி.
இருபது கொண்டை ஊசி வளைவு, நான்கு பேர் வாந்தி.
காந்தி மைதானத்தில்
ஸ்வெட்டரைக் கழற்றி எங்கே வைப்பதென்று தெரியாத வெயில்.
எதிரே இரும்பாலைப் பக்கத்து அணி,
அத்தனை பேருக்கும் ஒரே நிறத்தில் பூட்ஸ்.
எங்கள் பிள்ளைகள் ஜன்னல்! ஜன்னல்! என்று கத்த
அவர்களுடைய கோலி ஒரு கணம்
கேலரிப் பக்கம் திரும்பித் தேடினாள்.
அந்தக் கணத்தில் பூவரசி
ஒண்ணு விட்டாள்.

ஒன்றுக்கு ஒன்று. கடைசி ஐந்து நிமிடம்.
எங்கள் இடது ஓரம் ஆளில்லாமல் கிடந்தது,
அவர்களுடைய உயரமான பெண் அதை நோக்கி வருகிறாள்.
இனேஸ் போர்த்துகீசியத்தில் என்னவோ கத்தினாள்.
கற்ற நாலைந்து தமிழும்
பதற்றத்தில் பறந்துபோயிருந்தது.
எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு
பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.
அவள் என்ன சொன்னாள்? சத்தியமாக எனக்குத் தெரியாது.
எழுந்து நின்று அடித்தொண்டையில் கத்தினேன்,
காவேரி, ஜன்னலைச் சாத்து!

காவேரி சாத்தினாள்.

இனேஸ் என் பக்கம் திரும்பிப் புருவத்தைத் தூக்கினாள்.
சாத்து?
இரு, சொல்கிறேன்,
கார்னர் போடப் போகிறார்கள்.