வெட்டியெடுத்த இடம்

ஏழு பேர். கதை கிடையாது.
போலந்தில், வூச் நகரத்தில்,
தறி ஓடி ஓய்ந்த ஆலையின் மூன்றாம் மாடியில்
தினமும் ஆறரைக்கு சூப் பானைக்குள் கைவிட்டுச்
சீட்டு எடுக்கிறார்கள்.
இன்றைக்கு எது முதலில், எது எதன்மேல்.

நான் போக்னா. வசனம் எடுத்துக்கொடுப்பவள்.
இங்கே எடுத்துக்கொடுக்க ஒன்றுமில்லை.
"யார் தடுமாறினாலும் வாயைத் திறக்காதே,
ஓரம் பிசிறாக இருந்தால்தான் ஒட்டும்"
என்று யாரேமா முதல் நாளே சொல்லிவிட்டான்.
இயக்குநர் அவன்.
ஒரு காலத்தில் பழைய பத்திரிகைகளைக் கத்தரித்து
குதிரை உடம்பில் தையல் இயந்திரத் தலை ஒட்டி விற்றவன்.
இப்போது ஆட்களை ஒட்டுகிறான்.

சம்பளம் சும்மா வாங்கக்கூடாதே என்று
மைதாப் பசை காய்ச்சுகிறேன்.
கட்டி தட்டாமல் கிண்டத் தெரியும்.
இருபத்தாறு வருட நாடக வாழ்க்கையில்
என்னைக் கேட்டுச் செய்த ஒரே காரியம் அது.

லுடோமிர் டிராம் நிறுத்தங்களை
மரண அறிவிப்பு போலப் படிப்பான்.
அதன்மேல் ஹல்ஷ்கா,
பல் வைத்தியரின் ரசீதை ஜெபமாக முணுமுணுப்பாள்:
கடைவாய், கீழே, இடது, நானூற்றி இருபது.
இருவருக்கும் நடுவே ஒலேசியா
கார்கிவ் நகரத்தின் வானிலையைச் சொல்வாள், அவள் மொழியில்.
மேகமூட்டம் என்கிறாளாம். வேறெதுவும் சேர்ப்பதில்லை.
பின்னால் மூன்று பேர் ஒரே கோட்டுக்குள் நுழைந்து
வெளியே வர வழி தெரியாமல் நிற்பார்கள்.
சில இரவுகளில் இதெல்லாம் வெறும் குப்பை.
சில இரவுகளில்
ரசீதின் விளிம்பு மேகத்தில் சரியாகப் போய் உட்காரும்.
முன்வரிசையில் யாரோ மூச்சை இழுப்பார்கள்.
ஏனென்று யாருக்கும் தெரியாது, யாரேமாவுக்கும்தான்.

பத்தொன்பதாம் இரவு.
விட் என்கிற பையன் புதுத் துண்டு கொண்டுவந்தான்.
எங்கே பொறுக்கினாய் என்று கேட்பது எங்கள் வழக்கமில்லை.
அரைக் கோட்டோடு நடுவில் வந்து நின்று
தொலைபேசியில் பேசுகிற குரலில் சொன்னான்:
"பரவாயில்லை. நாயை நீயே வைத்துக்கொள்."

கூட்டம் சிரித்தது.
எனக்குக் காது சுட்டது.
போன மார்ச்சில், மாடிப்படித் திருப்பத்தில்,
சுவரைப் பார்த்துக்கொண்டு நான் பேசியது அது.
பதினோரு வருடத்தை அந்த ஒரு வாக்கியத்தில் மடித்து
அவனிடம் கொடுத்துவிட்டு,
திரும்பி வந்து பசைக்குத் தண்ணீர் ஊற்றினேன்.
அப்போது படியில் விட் இருந்திருக்கிறான்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.
தொழில் புத்தி முந்திக்கொண்டது.
இருட்டிலிருந்து, அளவான குரலில், திருத்தினேன்:
"பூனையை."

சிரிப்பு பாதியில் நின்றது.
விட் என் பக்கம் திரும்பவில்லை.
"பூனையை," என்றான் மெதுவாக.
லுடோமிர் அடுத்த நிறுத்தத்தை அறிவித்தான்.

மறுநாள் பானையில் எட்டுச் சீட்டு.
எட்டாவதில் யாரேமாவின் கோணல் எழுத்து:
இருட்டிலிருந்து ஒரு சொல்.
என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
பசையைக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.
ஹல்ஷ்கா கத்தரித்த செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் அதையே பார்த்தேன்.
அமைச்சர் முகம் இருந்த இடத்தில் ஓட்டை,
ஓட்டைக்குள் ஜன்னல், ஜன்னலில் பனி.

என் முறை வந்தது.
விட் "பரவாயில்லை" என்று தொடங்கி
சொல் வர வேண்டிய இடத்தில் நிறுத்தினான்.
நான் சொல்லவில்லை.
ஏழு பேரும் காத்தார்கள்.
ஹீட்டர் குழாய் ஒருமுறை கொட்டாவி விட்டது.
மேடையில் ஒரு பூனை அளவுக்கு இடம்,
மெல்ல, ஒரு ஓரத்திலிருந்து மற்றதற்கு.

ஒலேசியா மட்டும்
தன் பாவாடையைச் சற்று ஒதுக்கிக்கொண்டாள்,
அது கடந்துபோக.