மெயின் சுவிட்ச்

தயிர் வேணுமா என்றேன்.
வயிறு வலிக்கலை என்றான்.
சிரித்தோம் நானும் மெய்யம்மையும்.
எதற்கென்று தெரியாமல்
அவனும் சேர்ந்து சிரித்தான்.

இரண்டாவது மாதம் யாரும் சிரிக்கவில்லை.

மதுரையில் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து
பெரிய ஹெட்போன் மாட்டினார்கள்.
பீப் கேட்டால் கையைத் தூக்கணும்.
ஒன்றுகூட விடவில்லை வயிரவன், ஏழு வயது.
சாக்லேட் கொடுத்தார்கள்.
"காதில் ஒன்றுமில்லை சார்.
சத்தம் உள்ளே போகிறது.
அது சொல்லாக மாறுவதற்குள்
அடுத்த சத்தம் வந்து மேலே விழுந்துவிடுகிறது"
என்றார் அந்தப் பெண்.

திருப்பத்தூர் தாண்டி ஏர் ஹாரன் அலற
என் மடியில் தூங்கிக்கொண்டு வந்தான்.
'காது என்ன செவிடா' என்று
எத்தனை நாள் கேட்டிருப்பேன்.
எண்ணத் தொடங்கி
காரைக்குடி வருவதற்குள் விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்து வீடுகளுக்குச் சத்தம் தங்காது.
முட்டை வெள்ளைக்கரு தேய்த்த சுவர்,
ஆத்தங்குடிக் கல், பர்மா தேக்கு,
எதுவும் ஒரு சொட்டுக் குடிக்காது,
அப்படியே துப்பிவிடும்.
கானாடுகாத்தான் கல்யாண வீட்டில்
வயிரவா என்று ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டேன்.
வா என்றது கிழக்குச் சுவர். வா என்றது மாடி.
பிள்ளை ஒவ்வொரு சுவராகப் போய் நின்று
அப்பச்சி அப்பச்சி என்று அண்ணாந்து பார்த்தான்.

பள்ளத்தூரில் அவன் படிக்கிற பள்ளியும்
அப்படியொரு வீடுதான்.
வளவைச் சுற்றி மூன்று வகுப்பு.
இவனுடைய கழித்தல் கணக்குக்குள்
அந்தப் பக்கத்து வாய்ப்பாடு வந்து விழும்.
"சுவரில் ஆணி மட்டும் வேண்டாம் சார்,
வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து வந்தால்
என்னை அடிப்பார்" என்றார் தலைமையாசிரியர்.
ஆரோக்கியச்செல்வி டீச்சர்
தூணுக்குத் தூண் கயிறு கட்டினார்.
நான் ஐந்து ஜமக்காளம் கொண்டுபோனேன்,
ஒன்றில் டீக்கறை.
பெஞ்சுக் கால்களுக்குப் பழைய டென்னிஸ் பந்து,
பொட்டலில் கிரிக்கெட் ஆடுகிற பையன்களிடம்
கெஞ்சி வாங்கியது, பதினாறு.
பலகையைப் பார்த்துக்கொண்டு பேசுவதை
டீச்சர் விட்டுவிட்டார்.

அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை.
இருபதுக்கு ஏழு வாங்கியவன் பதினொன்று வாங்குகிறான்.
நாளைக்கு லீவு என்று சொன்னது மட்டும்
இவன்வரை வரவில்லை போல,
போன வெள்ளிக்கிழமை
பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றோம்
டிபன் பாக்ஸோடு.

வீட்டில் படிப்பு எங்களுக்குத்தான்.
மெய்யம்மை மிக்சியை நிறுத்திவிட்டுப் பேசுகிறாள்.
நான் முதலில் தோளைத் தொடுகிறேன்,
அவன் முகத்துக்கு நேராகக் குனிகிறேன்.
செருப்பைக் கழற்று.
இருக்கிறேன்.
இப்ப கையைக் கழுவு.
நடுவில் சும்மா இருப்பதுதான் ஆகாத காரியம்.
செக்காலை ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன்,
அமுக்கினால் தாள் வந்து பழகிவிட்டது.

நேற்று ராத்திரி கரண்ட் போனது.
ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது,
எதிர்வீட்டு சீரியல் அழுகையின் பாதியில் நின்றது.
தெரு மொத்தமும் மின்வாரியத்தைத் திட்டியது.

இருட்டுக்குள் வயிரவன் பேச ஆரம்பித்தான்.
டீச்சர் சொன்ன கதை.
நரி. கிணறு. நரிக்குத் தாகம்.
உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு தயிர் இருந்துச்சாம்.
தவளையாக இருக்கலாம்,
உயிராகவும் இருக்கலாம்.
நான் திருத்தவில்லை.
தயிர் நரியிடம் பேசியது,
யார் நீ என்று இரண்டு தடவை கேட்டது,
நரிக்குப் புரிகிறவரை பொறுத்திருந்தது.
இவ்வளவு நீளமாக இவன் பேசி
நான் கேட்டதே இல்லை.

நரி கயிற்றைப் பிடித்துப் பாதி தூரம் இறங்கும்போது
கரண்ட் வந்தது.
எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின.
சொல்லிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டு
தலைக்கு மேலே ஃபேனைப் பார்த்தான்.

எழுந்துபோய் மெயின் சுவிட்சை இறக்கினேன்.
மெய்யம்மை தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள்.
தடவிக்கொண்டே வந்து, தோளைத் தேடித் தொட்டு
அப்புறம் என்றேன்.