கடைசிப் பந்திக்குப் பிறகு

நடக்காத ஆளா நான் என்று கேட்டேன்.
காரைக்குடி டாக்டரம்மா சிரிக்காமல் எழுதிக்கொண்டிருந்தார்.
பள்ளத்தூர் வீடுகள் தெரியுமா, அம்மா?
ஒரு தெருவில் முகப்பு,
அடுத்த தெருவில் பின்கட்டுக் கதவு.
அடுப்படியிலிருந்து பந்திக்கு
ரசவாளியோடு நூற்றிருபது எட்டு.
முகூர்த்த நாளில் ஏழு பந்தி.
சாம்பாருக்கு ஒருதரம், ரசத்துக்கு ஒருதரம்,
கை தூக்குகிறவருக்காக மறுபடி ஒருதரம்.
கூட்டிப் பார்த்தால்
தேவகோட்டை போய்ச் சேர்ந்திருப்பேன்.
எனக்கு எப்படி முந்நூற்றுப் பத்து?

"எப்போ சாப்பிடுறீங்க?"

இதை யாரும் கேட்டதில்லை.
பந்தி விசாரிக்க வருகிற வீட்டுக்காரர்களும்
வெள்ளைக்கண்ணு சாப்பிட்டானா என்று
விசாரித்ததில்லை.

மூன்றரைக்கு, அம்மா. சில நாள் நாலு.
மாத்திரையை மட்டும் விடிகாலையில் மறக்காமல் போட்டுவிடுவேன்.
நாலாம் பந்தியில் கை நடுங்கும்.
போன வைகாசியில் ஒரு சம்பந்தியம்மாள் பட்டுக்கரையில்
ரசம் சிந்தி, அன்றைய கூலி போச்சு.
அதிலிருந்து
யாரும் பார்க்காதபோது ஒரு கந்தரப்பத்தைக்
கடைவாயில் அடக்கிக்கொள்கிறேன்.
வேலை முடிந்தால் ஒரே இலையில்
மிஞ்சிய சோறு, மிஞ்சிய பாயசம்,
அடித்தட்டின் கவுனியரிசி.
அப்படியே ஜமுக்காளத்தை இழுத்துப் போட்டால்
விளக்கு வைக்கும்வரை பிணம்.

பேனாவை மூடினார்.
"நீங்க நடக்கிறது அவங்க சாப்பாட்டுக்கு.
உங்க சாப்பாட்டுக்கு யார் நடப்பா?"

மாத்திரை வெறும் வயிற்றில் வேண்டாம்.
கை கழுவியதும் படுக்கை வேண்டாம்.
பதினைந்து நிமிஷம், அவ்வளவுதான்.

அவ்வளவுதானாம்.
சித்திரை வெயிலில் செம்மண் தெரு கொதிக்கிறது.
வளவைச் சுற்றினால்
தரையின் குளிர்ச்சியில் உறங்குகிறவர்கள் புரள்கிறார்கள்.
"கூண்டுப் புலியாடா நீ?" என்கிறார்
மாஸ்டர் சேவுகன்.
சும்மா நடப்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது
எங்களைப் போன்றவர்களுக்கு.
இலைக்கூடையைத் தூக்கினேன்.

அடைக்கி முறைத்தாள்.
எச்சில் இலை அவள் பாத்தியதை.
"காண்ட்ராக்டர் சொல்லிவிட்டானா?
எங் கூலியில பாதியா?"
இல்லை அடைக்கி. சர்க்கரை.
"உனக்குமா?" என்றவள்
முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
பாதி மாத்திரை.
முழுசாய்ப் போட்டால் இலைக்கு நடுவிலேயே
கண்ணைக் கட்டுகிறதாம்.

எப்போ சாப்பிடுறே என்று நான் கேட்கவில்லை.
பதினெட்டு வருஷமாய்ப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.
என் இலையையும் எடுத்துப் போட்டுவிட்டு
அவள் உட்காருவதை.
கடைசிப் பந்தி என்று
என்னுடையதை அல்லவா நினைத்திருந்தேன்.

அன்றைக்கு முதலில் அவள் தின்றாள்.
கூடையின் ஒரு காது எனக்கு, மறு காது அவளுக்கு.
பின்கட்டுக்குப் போய்க் கொட்டிவிட்டு
மாடுகளை அதட்டிவிட்டுத் திரும்பினால்
எதிரே மாலையும் கழற்றாமல் வருகிறார்
எழுபதாம் சாந்தி மாப்பிள்ளை.
பின்னாலேயே போனைப் பிடித்தபடி மகள்:
"இன்னும் ஆறு நிமிஷம், அப்பச்சி!"
வீட்டின் நீளத்தில் ஒன்றுக்கு மூன்று பேர்.
முதல் சுற்றில் எங்களைப் பார்க்கவில்லை.
இரண்டாம் சுற்றில் கூடையைப் பார்த்தார்.
மூன்றாவதில் நின்று,
"ரசத்துல இன்னிக்கு மிளகு தூக்கல்" என்றார்.
போன் மணி அடித்ததும் உட்கார்ந்தார்.
எங்கள் கூடையில் இன்னும் இரண்டு நடைக்கு இலை இருந்தது.

சாயங்காலம் மருந்துக்கடைப் பையன்
விரலைக் குத்தினான்.
இருநூற்றுப் பதினாறு.
ஒருநாள் கணக்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது
என்றான். இருக்கட்டும்.
அடைக்கி விரலை நீட்டாமல்
சுவரில் தொங்கிய காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தாள்.
அவளுக்கு எழுத்துத் தெரியாது.

நாளை கோட்டையூரில் ஐந்து பந்தி.
மூன்றாவது எழுந்ததும்
ஓரமாய் ரெண்டு இலை போடச் சொல்லி
சேவுகனிடம் கேட்க வேண்டும்.
பஸ்ஸில் அவர் எனக்கு முன் சீட்டில்தான் வருகிறார்.
பிடரியைப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.
கானாடுகாத்தான் விலக்கு தாண்டியாயிற்று.