ஏழாம் நாள் எண்ணிக்கை

பரேலில் ஓர் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில்
ஜன்னல் இல்லாத லேபில் எனக்கு ராத்திரி ட்யூட்டி.
வெளியே மழையா என்பது
வார்டு பையனின் தலைமுடியைப் பார்த்தால்தான் தெரியும்.
நோயாளிகள் என்னிடம் குழாய்களாக வருகிறார்கள்.
ஊதா மூடி, பெயர், வயது, அவ்வளவுதான்.

ஹிராபாய் தாண்டேல், ஐம்பத்தெட்டு.
சசூன் டாக்கில், ஐஸ் உருகிய தரையில்
மீன் கூடையோடு வழுக்கி
இடுப்பெலும்பு முறிந்தவர்.
முதல் நாள் தட்டணு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.
படுத்தே கிடப்பவரின் காலில் இரத்தம் உறையக் கூடாதென்று
தொப்புளுக்குப் பக்கத்தில் தினம் இரண்டு ஊசி, ஹெப்பாரின்.
ஐந்தாம் நாள் வரை எண்கள் சொன்ன பேச்சைக் கேட்டன.
ஆறில் ஒரு லட்சத்துப் பத்து.
ஏழில் ஐம்பத்திரண்டாயிரம்.

மெஷினை நம்பாமல்
துளியைக் கண்ணாடியில் தேய்த்து நானே எண்ணினேன்.
மெஷின் பொய் சொல்லவில்லை.

தட்டணு குறைந்தால் இரத்தம் கசியும்;
டெங்கு மாதத்தில் இந்த ஊரில்
ஆட்டோக்காரருக்கும் தெரிந்த பாடம்.
மேலே போன் போட்டேன். எங்கேயாவது கசிகிறதா?
குளச்சல் ஜெசிந்தா சிஸ்டர் சொன்னாள்:
ஒரு சொட்டு இல்ல அண்ணே.
இடது கால்தான் வீங்கியிருக்கு,
விரல் நுனி நாவல்பழம் மாதிரி.

குறைந்தவை தொலைந்துபோகவில்லை.
ஓரிடத்தில் கூடியிருக்கின்றன.

போன ஜூலையில் எங்கள் சொசைட்டியில்
மூன்றாம் மாடி பெண்ட்ஸே
மைத்துனரின் ரெயின்கோட்டைப் போட்டு வந்தார்.
பத்து வருடம் சலாம் வைத்த முகம்;
வாட்ச்மேன் கோட்டை மட்டும் பார்த்து
விசில் ஊதினான்.
கட்டடமே இறங்கி வந்தது, படிக்கட்டில் ஆள்மேல் ஆள்.
திருடன் இல்லை.
ஆனால் அந்த நேரம் யாருக்காவது நெஞ்சு வலித்திருந்தால்
ஸ்ட்ரெச்சருக்கு வழி இருந்திருக்காது.

உடம்பிலும் அதுதான் நடந்தது.
தட்டணு தானே உமிழ்ந்த புரதம்,
வீட்டுப் பிள்ளை,
ஹெப்பாரினைப் போர்த்திக்கொண்டு வாசலில் நிற்கிறது.
காவலுக்கு அடையாளம் தெரியவில்லை.
எதிர்ப்பொருள் விசில் ஊதுகிறது.
தட்டணுக்களுக்குத் தெரிந்தது ஒரே வேலை,
ஓடிவந்து ஒட்டிக்கொள்வது.
உறையாமல் இருக்கப் போட்ட ஊசி
உறைவதற்கு ஆள் திரட்டிக் கொடுக்கிறது.

அன்றே ஊசியை நிறுத்தினார்கள், வேறு மருந்து.
தட்டணு ஏற்றலாமா என்ற பயிற்சி டாக்டரை
எரியுற அடுப்புல விறகா என்று
பெரிய டாக்டர் கேட்டாராம்.
எட்டாம் நாள் நாற்பத்தொன்று.
ஒன்பதாம் நாள் முப்பத்தெட்டு.
நிறுத்திய பிறகும் ஏன்?

விடியற்காலை மூன்றரைக்கு ஜெசிந்தா கூப்பிட்டாள்.
அண்ணே, கையில இருக்க ஊசி அடைச்சிக்காம
எட்டு மணிக்கொருதரம் கழுவுறோமே,
அந்தத் தண்ணியில…
முடிக்கவில்லை.

இரண்டு மில்லி.
மருந்தென்று யாரும் எழுதாத மருந்து.
பஞ்சுக்கும் பில் போடுகிற ஆஸ்பத்திரியில்
பில்லில்கூட இல்லை.

அந்தப் பாட்டிலை அவள் குப்பையில் போட்ட சத்தம்
போனில் கேட்டது.
கட்டில் தலைமாட்டில் சிவப்பு மையில் அட்டை,
மராத்தி, இந்தி, ஆங்கிலம்,
கோபத்தில் தமிழிலும்: ஹெப்பாரின் கூடாது.

அடுத்த முறை கழுவப் போனபோது
ஹிராபாய் கையை இழுத்துக்கொண்டாராம்.
இதில் என்ன கலந்திருக்கிறது?
வெறும் உப்புத்தண்ணி, ஆயி.
கடலா?
கடல்தான் என்றிருக்கிறாள் குளச்சல்காரி.
அதன் பிறகே கை நீண்டது.

எண்கள் மெல்ல ஏறின.
இடது காலின் சுண்டுவிரல் மட்டும்
வீடு திரும்பவில்லை.

ஆறு வாரம் கழித்து வாக்கரைத் தட்டித் தட்டி
லிஃப்டில் இறங்கி வந்தார்.
குழாய்க்கு மேல் ஒரு முகம் இருந்தது,
மூக்கில் பெரிய நத்து,
என்னைவிட உரத்த குரல்.
கிதி? என்றார், எவ்வளவு?
இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.
மூக்கைச் சுளித்து யோசித்தார்,
அதிகாலை ஏலத்தில் நிற்பவர் போல.

சரி, என்றார்.
இதற்குக் கீழே இறக்காதே.